நன்றிக்கடனைக் காட்டியே வேலை வாங்கும் சீனியர்: எப்படிக் கண்டுகொள்வது, எப்படி விலகி நிற்பது?

நொய்யல்கரை:

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லை, ஆபீசில் யாரிடமும் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

கோவையில் பம்ப்செட், மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். மொத்தம் 22 பேர், அக்கவுண்ட்சில் மூன்று பேர். பி.காம் முடித்துவிட்டு நான் இங்கே சேர்ந்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. எனக்கு மேலே ஒரு அக்கா இருக்கிறார், பன்னிரண்டு வருடமாக இதே கம்பெனியில் இருப்பவர், முதலாளிக்கு வலது கை. சேர்ந்த முதல் நாளே "வா கண்ணு, சாப்பிட்டயா?" என்று கேட்டவர். டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. போன வருடம் அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்தபோது முதலாளியிடம் பேசி 15,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. அதனால் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், வீட்டுக் கடன், எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது, பேங்க் பரீட்சைக்குப் படிப்பது, எல்லாமே.

அப்புறம் சின்னச் சின்ன உதவிகளாகக் கேட்க ஆரம்பித்தார். "கண்ணு, கை வேலையா இருக்கேன், இந்த ஒரு என்ட்ரி மட்டும் போட்டுரு." அடுத்து, "தேதிய மட்டும் நேத்துப் போடு, ஒண்ணும் ஆகாது." ஜூலையில் குடோனுக்குப் பெயின்ட் அடித்தவருக்கு ஒரே நாளில் 27,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள். அதை 9,000, 9,000, 9,000 என்று மூன்று தேதிகளில் மூன்று வவுச்சராகப் போடச் சொன்னார். ஒருவருக்கு ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுப்பதற்கு இருக்கும் 10,000 வரம்பு எனக்குத் தெரியும். கேட்டதற்கு, "எல்லாக் கம்பெனியிலும் நடக்கறதுதான், நீ புதுசா கண்டுபிடிக்காத" என்று சிரித்தார். என் லாகினில் போட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

போன மாதம் நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஆகஸ்டில் பார்ட்டிகளுக்குக் கொடுத்த பணத்தில் அரசுக்காகப் பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், 41,600 ரூபாய், செப்டம்பர் 7-க்குள் கட்ட வேண்டியது. 5-ஆம் தேதி நான் சலானை (வரி கட்டும் சீட்டை) தயார் செய்துவிட்டுக் கேட்டபோது, "இரு, இன்னொரு பார்ட்டி பில் வரணும், சேத்துக் கட்டிக்கலாம்" என்று சொன்னவர் அவர்தான். வாட்ஸ்அப்பிலும் "வெயிட் பண்ணு" என்று ஒரு மெசேஜ் வந்தது. 11-ஆம் தேதிதான் கட்டினோம். வட்டி 1,248 ரூபாய். முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "நான் அஞ்சாந்தேதியே சொன்னனே கண்ணு, மறந்துட்டயா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "பாவம் சார், அவங்க அப்பாவுக்கு முடியல, அந்த டென்ஷன்ல இருக்குது புள்ள, நான் பாத்துக்கறேன், திட்டாதீங்க" என்றார். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, செய்யாத தப்புக்கு நான் மன்னிப்பும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். போனை எடுத்துப் பார்த்தால் அந்த மெசேஜ் இருந்த இடத்தில் நீக்கப்பட்டது என்று இருக்கிறது.

இன்னொன்று. குடோன் இன்சார்ஜ் அண்ணன் என்னைப் பற்றி முதலாளியிடம் குறை சொல்வதாக அக்கா அடிக்கடி சொல்வார், அதனால் நான் அவரிடம் சரியாகப் பேசுவதே இல்லை. போன வாரம் டீ குடிக்கும்போது தற்செயலாகப் பேச்சு வந்ததில், அவர் ஸ்டாக்கில் கை வைக்கிறார் என்று நான் சொல்லித் திரிவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

டிடிஎஸ் விஷயத்தை அக்காவிடமே தனியாகக் கேட்டேன். அழுதுவிட்டார். "உனக்கு நான் என்ன குறை வெச்சேன், கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கிட்டேன், என்னையே சந்தேகப்படறயே" என்றார். கடைசியில் நான்தான் சமாதானம் சொன்னேன். அதற்கப்புறம் மூன்று நாள் பேசவில்லை. நேற்று வந்து, எதுவுமே நடக்காதது போல, "மாசக் கடைசில நீ லீவு போட்டா வேல நிக்கும், உன் டேலி பாஸ்வேர்ட குடுத்து வை" என்கிறார்.

நான் நன்றி கெட்டவளா, அதிகமாக யோசிக்கிறேனா? அடுத்த மார்ச் வரை வேலையை விட முடியாது, கடன் இருக்கிறது. சண்டை இல்லாமல் எப்படித் தப்பிப்பது?

---

மணல்மேடு:

பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு யோசிக்கலாம், இன்றைக்கு அதை மட்டும் செய்யாதீர்கள்.

---

பழைய பேரேடு:

31 வருடம் கணக்குப் பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் அம்மா நான், பேரேட்டில் மையால் எழுதிய காலத்திலிருந்து டேலி வரைக்கும் பார்த்துவிட்டேன். உங்கள் கேள்வியில் மனசு சம்பந்தப்பட்டது ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கு சம்பந்தப்பட்டதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

பிரைவேட் லிமிடெட் என்று சொன்னீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேரில் ஆடிட் டிரெயில் இருந்தே ஆக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது. டேலி பிரைமில் எடிட் லாக் என்று பார்த்திருப்பீர்கள். ஒரு வவுச்சரை யார் போட்டது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் போட்டது, பிறகு யார் திருத்தியது, எல்லாம் பதிவாகும். அதில் தெரிவது உங்கள் லாகின் பெயர். "அக்கா சொன்னாங்க" என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது. அவர் பாஸ்வேர்டு கேட்கிறார் என்றால் அவர் போடப்போகும் என்ட்ரியும் உங்கள் பெயரில் விழும் என்று அர்த்தம். அவருக்குத் தனி லாகின் இருக்கிறதுதானே? நீங்கள் லீவில் போனால் அவர் தன் லாகினிலேயே அந்த வேலையைச் செய்யலாம், உரிமை போதவில்லை என்றால் அட்மின் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடலாம். வேலை நிற்கும் என்பது உண்மையான காரணமே இல்லை.

அந்த 27,000. வருமான வரிச் சட்டப்படி ஒருவருக்கு ஒரே நாளில் ரொக்கமாக 10,000-க்கு மேல் கொடுத்தால் அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க விடமாட்டார்கள். லாரி வாடகைக்கு மட்டும் 35,000 வரை விட்டிருக்கிறார்கள், பெயின்ட் வேலைக்கு அது பொருந்தாது. ஒரே நாளில் கொடுத்ததை மூன்று தேதியில் எழுதுவது தப்பான பதிவு, எத்தனை கம்பெனியில் நடந்தாலும் தப்புதான். நடந்தது நடந்துவிட்டது. இனிமேல் அப்படி ஒரு வவுச்சர் வந்தால் நரேஷனில் (விவரக் குறிப்பில்) உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், பணம் கொடுத்த தேதி, யார் கொடுக்கச் சொன்னது, எல்லாம். வவுச்சர் தாளில் "அப்ரூவ்டு பை" என்று இருக்கிற இடத்தில் அவர் கையெழுத்து விழாமல் என்ட்ரி போடாதீர்கள். இது சண்டை இல்லை. நான் வேலை பார்த்த இடங்களில் கையெழுத்து இல்லாத வவுச்சரைப் போட்டால் எனக்குத்தான் திட்டு விழும்.

டிடிஎஸ் வட்டி 1,248 என்றதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், நாலு நாள் தாமதம் என்றாலும் ஆகஸ்டையும் செப்டம்பரையும் இரண்டு மாதமாக எண்ணி 3 சதவீதம் வாங்கிவிடுவார்கள். சரியாக இருக்கிறது. பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது.

நீங்கள் 5-ஆம் தேதியே சலான் தயார் செய்தேன் என்கிறீர்கள். வருமான வரி போர்ட்டலில் சலானை உருவாக்கியிருந்தால் அதில் உருவாக்கிய தேதி இருக்கும். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே ஓடிப்போய் முதலாளியிடம் நீட்ட வேண்டாம், இருக்கட்டும்.

இன்னொன்று, மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த 15,000 அக்கா பணம் இல்லை. கம்பெனிப் பணம், சம்பளத்தில் பிடித்தார்களா இல்லையா?

---

நொய்யல்கரை:

பிடித்தார்கள் ஐயா, மாதம் 1,500 என்று பத்து மாதம். ஜூனோடு முடிந்துவிட்டது. நீங்கள் கேட்ட பிறகுதான் நானே அதை அப்படி யோசித்துப் பார்க்கிறேன். சலான் போர்ட்டலில் 5-ஆம் தேதி என்றுதான் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

---

வடபழனி வாசி:

குடோன் அண்ணன் விஷயத்தைப் படித்தபோது எனக்கு என் பழைய டீமே கண்முன் வந்துவிட்டது. நான் சென்னையில் ஒரு சேல்ஸ் டீமில் இருந்தேன், எட்டுப் பேர். எங்கள் டீம் லீடர் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக டீக்குக் கூட்டிப் போவார். உன்கிட்ட மட்டும் சொல்றேன் என்று ஆரம்பிப்பார். அவன் உன் லீடை (நீ பிடித்து வைத்த கஸ்டமரை) தூக்கப் பார்க்கிறான், இவள் உன்னைப் பற்றி இப்படிச் சொன்னாள், நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். எட்டுப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பவில்லை, எட்டுப் பேரும் அவரை மட்டும் நம்பினோம். ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. ஊரில் இதற்குச் சிண்டு முடிவது என்று பேர், எங்கள் பாட்டி பார்த்திருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார், நாங்கள் படித்தவர்கள் ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டோம்.

அது எப்படி உடைந்தது என்றால், ஒரு நாள் என் கூட வேலை பார்த்த பையன் நேராக வந்து, "நான் உங்க லீட எடுத்துட்டேன்னு சொன்னீங்களாமே அண்ணா" என்று கேட்டான். கோபமாகக் கூட இல்லை, அழுகிற மாதிரி கேட்டான். நான் சொல்லவே இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம், அதற்குள் ஏழெட்டுப் பொய் வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான். லீடரோடு யாரும் சண்டை போடவில்லை, அடுத்த முறை அவர் "அவன் உன்னப் பத்தி..." என்று ஆரம்பித்தபோது நான், "அப்படியா, அவனையும் கூப்பிடறேன் சார், மூணு பேரும் உட்காந்து பேசிடலாம்" என்றேன். உடனே "வேணாம் வேணாம், சின்ன விஷயம்" என்றார். அதற்கப்புறம் என்னிடம் அப்படி ஒரு பேச்சே வரவில்லை.

நீங்களும் குடோன் அண்ணனும் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். மீதியையும் பேசிவிடுங்கள். அக்காவைத் திட்டுவதற்காக இல்லை. ஸ்டாக் கணக்கும் பண கணக்கும் ஒன்றோடொன்று பேசாத கம்பெனியில் எது வேண்டுமானாலும் நடக்கலாம், மாதம் ஒரு தடவை இரண்டு பேரும் உட்கார்ந்து ஸ்டாக்கைச் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டாலே பேச்சுவார்த்தைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

---

தென்றல்2:

உளவியல் எம்.எஸ்சி. படிக்கிறேன், நொய்யல்கரை அக்கா எழுதியதில் இரண்டு இடம் எங்கள் வகுப்பில் படித்தது அப்படியே இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

ஒன்று, அந்தச் சின்னச் சின்ன உதவிகள். 1966-ல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்று இரண்டு பேர் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். வீடு வீடாகப் போய் வாசலில் "கவனமாக வண்டி ஓட்டுங்கள்" என்ற அர்த்தத்தில் ஒரு பெரிய, பார்க்கவே அசிங்கமான பலகையை நடலாமா என்று கேட்டார்கள். நேரடியாகக் கேட்ட வீடுகளில் 17 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் சரி என்றார்கள். வேறு சில வீடுகளில் இரண்டு வாரத்துக்கு முன்பே போய், பாதுகாப்பாக வண்டி ஓட்டச் சொல்லும் ஒரு சின்ன அட்டையை ஜன்னலில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அந்த வீடுகளில் 76 சதவீதம் பேர் பெரிய பலகைக்கும் சம்மதித்தார்கள். முதலில் ஒரு சின்னதுக்குத் தலையாட்டிவிட்டால், நாம் இதற்கெல்லாம் சரி சொல்கிற ஆள் என்று நமக்கே ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. உங்களிடம் முதல் நாளே வந்து 27,000-த்தை மூன்றாக உடைத்துப் போடு என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பீர்களா? ஒரு என்ட்ரி, அப்புறம் ஒரு தேதி, அப்புறம் வவுச்சர். நீங்கள் ஏமாளி என்பதால் நடந்தது இல்லை, மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். இதுவரை செய்துவிட்டோமே, இனி எப்படி முடியாது என்பது என்று தோன்றும், அந்த நினைப்புதான் அடுத்த படிக்கு இழுத்துக்கொண்டு போவது. நாலு முறை சரி சொன்னவருக்கு ஐந்தாம் முறை மாட்டேன் என்று சொல்ல முழு உரிமையும் உண்டு.

இரண்டு, அந்த அழுகை. ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1997-ல் ஒரு வரிசையைச் சொன்னார். தப்பைப் பற்றிக் கேட்டால் முதலில் மறுப்பது, பிறகு கேட்டவரையே தாக்குவது, கடைசியில் பாதிக்கப்பட்டது நான்தான், நீதான் எனக்குக் கொடுமை செய்தாய் என்று ஆளையே மாற்றிவிடுவது. அவர் சொன்னது பாலியல் வன்முறை செய்தவர்களைப் பற்றிப் பேசும்போது, அந்த அளவுக்கு இதை ஒப்பிட வரவில்லை, ஆனால் உரையாடல் முடிந்து எழுந்திருக்கும்போது யார் யாருக்குச் சமாதானம் சொன்னார்கள் என்று பாருங்கள். நீங்கள் கேட்கப் போனது டிடிஎஸ் பற்றி. அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

---

ஈரோட்டுக்காரன்:

எல்லோரும் அந்த அக்காவை வில்லி ஆக்கிவிட்டீர்கள். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 22 பேர் உள்ள கம்பெனியில், 27,000 ரூபாய் ரொக்கத்தைப் பிரித்துப் போடு என்பது சீனியர் அக்கவுண்டன்ட் தானாக எடுக்கிற முடிவா? அந்தப் பணம் அவர் பணம் இல்லை, வரி மிச்சமாவதும் அவருக்கு இல்லை. முதலாளிதான் அவரிடம் "எப்படியாவது பாத்துக்கம்மா" என்று சொல்லியிருப்பார், எழுத்தில் இல்லாமல், சிரித்துக்கொண்டே. பன்னிரண்டு வருடமாக அதையே வாங்கி வாங்கி, இப்போது கீழே ஒரு பெண் கிடைத்ததும் இறக்கி வைக்கிறார். அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை, மெசேஜை அழித்தது கண்டிப்பாகச் சரியில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் நேராக முதலாளியிடம் போய் அக்கா மேல் புகார் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதலாளிக்கு வேண்டியது அந்த ஏற்பாடு. அதைக் கெடுக்கிற ஆளாக நீங்கள்தான் தெரிவீர்கள்.

வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது, அதன் கீழ் வருகிற இடத்தில் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நாளைக்கு வராதே என்று சொல்ல முடியாது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

---

பழைய பேரேடு:

ஈரோட்டுக்காரர் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. மேலே இருந்து வந்திருக்கலாம், பல இடத்தில் வருவதுதான். ஆனால் டிடிஎஸ் தாமதத்தை மேலே இருந்து யாரும் சொல்லவில்லை, முதலாளியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அங்கே அந்த அம்மா தன் தலைக்கு வந்ததை இந்தப் பெண் தலையில் கட்டினார், அதுவும் பாசத்தைப் போர்வையாகப் போர்த்தி. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை, இந்தப் பெண் பதில் சொல்லியிருக்கும். பாவம் என்று சொன்னதால் வாயை அடைத்துவிட்டார். வீட்டுக் கஷ்டத்தை நம்பிச் சொன்னதை எடுத்து வேலையில் தப்புக்குக் காரணமாக வைத்தாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இனி அப்பா உடம்பு, கல்யாணம், பேங்க் பரீட்சை எதுவும் அங்கே பேச வேண்டாம் அம்மா. கேட்டால் "நல்லா இருக்காங்க அக்கா" என்பதோடு நிறுத்துங்கள்.

---

திருப்பூர் மாலை:

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் அந்த அக்கா இடத்தில் இருந்தவன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர், லைனில் 40 பேர். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் எனக்கு மேலே இருந்து நெருக்குவார்கள், நான் கீழே நெருக்குவேன். ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் மெஷினை விட்டு எழுந்து போய்விடுவார்கள், அடுத்த தெருவில் அடுத்த கம்பெனி இருக்கிறது. அதனால் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்து வைத்துக்கொள்வேன். ஒருத்தர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட அட்வான்ஸ் வாங்கிக் கொடுப்பேன், ஒருத்தருக்கு ஊர்த் திருவிழாவுக்கு லீவு வாங்கிக் கொடுப்பேன். அப்போது உண்மையாகவே பாசத்தில்தான் செய்தேன், இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் ஓவர்டைம் ஆள் வேண்டும் என்கிற ராத்திரியில் யார் முகத்தைப் பார்த்து "அண்ணனுக்காக" என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். லாட்டில் பீஸ் குறைந்தால் யார் பெயரைச் சொன்னால் அவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்றும் தெரியும். சொல்லியிருக்கிறேன். ஒரு அக்கா மேல் சொன்னேன், அவர் எதுவும் பேசாமல் அந்த வாரச் சம்பளத்தில் பிடித்ததை ஏற்றுக்கொண்டு போனார். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் நொய்யல்கரை தங்கச்சிக்குச் சொல்கிறேன், அந்த அக்கா உன் அப்பாவுக்காக முதலாளியிடம் பேசியது நடிப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அன்றைக்கு உண்மை, இன்றைக்கு அதையே பயன்படுத்துகிறார், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். அவர் நல்லவரா கெட்டவரா என்று தேடிக்கொண்டே இருந்தால் உனக்குப் பதில் கிடைக்காது, ஒவ்வொரு நாளும் ஒரு பதில் வரும். வேலை முடிந்தால் பேர் யாருக்கு, கெட்டால் பேர் யாருக்கு, அதை மட்டும் நாலு தடவை தொடர்ந்து பார்.

என்னை நிறுத்தியது யார் தெரியுமா? கணக்கு எழுத வந்த ஒரு சின்னப் பெண், இருபது வயசு இருக்கும். நான் என்ன சொன்னாலும், "சரிங்கண்ணா, நோட்டுல எழுதிட்டேன், ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்று நோட்டை நீட்டும். முகத்தில் கோபம் இருக்காது, சிரித்துக்கொண்டேதான். முதல் தடவை எரிச்சலாக இருந்தது, என்னையே நம்பவில்லையா என்று கேட்டேன். "எனக்கு ஞாபக மறதிங்கண்ணா" என்றது. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் நான் சொன்னதை நானே படிக்க வேண்டியிருந்தது. இரண்டு மூன்று தடவை, வேண்டாம் விடு, எழுதாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லியிருப்பேன், அந்தப் பெண்ணிடம் சொல்ல மாட்டேன்.

---

மணல்மேடு:

மேலே அண்ணன் சொன்ன நோட்டு விஷயத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் செய்யலாம். அக்கா வாயால் சொன்னதும் பத்து நிமிடத்தில் நீங்கள் ஒரு மெசேஜ் போடுங்கள்: "அக்கா, நீங்க சொன்னபடி டிடிஎஸ் சலான நிறுத்தி வெச்சிருக்கேன், கடைசித் தேதி 7, எப்பக் கட்டணும்னு சொல்லுங்க." நீங்கள் போட்ட மெசேஜை அவர் உங்கள் போனிலிருந்து அழிக்க முடியாது. அவர் போட்டதை இரண்டு நாள் கழித்துக் கூட எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிடலாம், அதனால் முக்கியமானது வந்தால் வந்த உடனே ஸ்கிரீன்ஷாட். அதை விட நல்லது ஆபீஸ் மெயில். மெயிலில் "உங்க மேல சந்தேகமா" என்று யாரும் கேட்பதில்லை, அது மெயில், அவ்வளவுதான்.

---

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

பாஸ்வேர்டு கொடுக்கவில்லை. "ஆடிட்டர் ஆபீஸ்ல போன தடவையே லாகின் தனித்தனியா இருக்கணும்னு சொன்னாங்கக்கா, உங்க லாகின்ல பேமென்ட் உரிமை வேணும்னா சார்கிட்டச் சொல்லி வாங்கித் தர்றேன்" என்றேன். ஆடிட்டர் ஆபீசில் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தார்கள், நான் பொய் சொல்லவில்லை. முகம் மாறியது. "இப்பெல்லாம் ரொம்பப் பேசறயே கண்ணு" என்றார். கை நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன்.

குடோன் அண்ணனிடம் பேசினேன். திருப்பூர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "உங்களப் பத்தி நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலீங்கண்ணா, இனி ஏதாச்சும் கேள்விப்பட்டா நேரா என்கிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர், "நானும் அதான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். மாதக் கடைசியில் ஸ்டாக் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம்.

ஈரோட்டு அண்ணன் சொன்னது சரியாகவே இருக்கலாம். நேற்று ஒரு 18,000 ரூபாய் எலக்ட்ரீஷியன் பில் வந்தது, ரொக்கம். அக்கா வழக்கம்போல இரண்டாகப் போடு என்றார். நான் உடனே ஆபீஸ் மெயிலில், "எலக்ட்ரீஷியன் பில் 18,000, ஒரே பில்லாக இருக்கிறது, அக்கவுண்ட் நம்பர் வாங்கி பேங்க் மூலம் அனுப்பட்டுமா, இல்லை ரொக்கமாகப் போட வேண்டுமா, சொல்லுங்கள்" என்று அக்காவுக்கு எழுதினேன். முதலாளிக்குக் காப்பி போடவில்லை, அக்காவை மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. முக்கால் மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் அக்கா முதலாளி ரூமுக்குப் போய்விட்டு வந்தார், மெயிலில் "பேங்க்" என்று ஒரே வார்த்தை வந்தது.

மதியம் சாப்பிடும்போது எப்போதும் போலப் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இரண்டு வருடமாக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். நானே எழுந்து போய், அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயை அவர் தட்டில் வைத்தேன். எதுவும் பேசவில்லை, எடுத்துக்கொண்டார்.